நெடுந்தீவுக்கு அணுவுலை விற்கப் போனோம்

அணுவுலை விற்பவருக்கும் பிரஷர் குக்கர் விற்பவருக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. இருவரும் வாசலில் நின்று சிரிப்பார்கள். இருவரும் “வாங்கவே வேண்டாம், சும்மா பாருங்கள்” என்பார்கள். குக்கர்காரர் மட்டும் கையில் ஒரு குக்கரோடு வருவார்.

நான் சென்னையில் மொழிபெயர்ப்பு வேலை பார்ப்பவன். சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். வட ஐரோப்பாவில் ஒரு கம்பெனி, கப்பல் தட்டில் சின்ன அணுவுலையைக் கட்டி, வேண்டிய கடற்கரைக்கு இழுத்துவந்து நிறுத்தி, அங்கிருந்து கம்பி போட்டு மின்சாரம் விற்கத் திட்டமிட்டிருந்தது. இதுவரை எந்தக் கரையிலும் ஒன்றைக்கூட நிறுத்தவில்லை. படங்கள் மட்டும் ஏராளம். யாழ்ப்பாணத்துத் தீவுகளில் இடம் பார்க்க வந்தார்கள். ஊர் மக்களின் கருத்தைக் கேட்டதாகக் கடன் தரும் வங்கிக்குக் காட்டவேண்டுமாம். அந்தக் கருத்தை ஆங்கிலமாக்குவதற்கு நான்.

இலங்கையில் தமிழும் ஆங்கிலமும் தெரிந்தவர்களுக்கா பஞ்சம்? கம்பெனியின் கொழும்பு முகவர் ரொஷானிடம் கேட்டேன். “உள்ளூர் ஆளை வைத்தால் ஊர்ப் பக்கம் சாய்ந்துவிடுவார். உங்களுக்கு இங்கே ஒன்றும் தெரியாது, அதனால் நடுநிலையாக இருப்பீர்கள்” என்றார். என் தகுதியை இவ்வளவு சரியாக அதற்குமுன் யாரும் எடைபோட்டதில்லை.

விற்பனை அதிகாரியின் பெயர் ஹென்ரிக். நெட்டையான, சிவந்த, எப்போதும் நன்றி சொல்லிக்கொண்டிருக்கும் மனிதர். விமானத்தில் வரும்போதே ‘யாழ்ப்பாணக் கலாசாரக் கையேடு’ என்று யாரோ எழுதிக்கொடுத்த சிறுநூலை அடிக்கோடிட்டுப் படித்து முடித்திருந்தார். பார்க்கிற எல்லோரையும் கைகூப்பி வணங்கினார். ரொஷானோ கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாமலே மூன்று நாளையும் கழித்தார்.

முதல் நாள் ஊர்காவற்றுறை. ஒரு மண்டபத்தில் நாற்பது நாற்காலி போட்டிருந்தார்கள். வந்தவர்களில் பாதிப்பேர் அடுத்த அறையில் நடக்கவிருந்த வேறொரு கூட்டத்துக்கு வந்தவர்கள். ஹென்ரிக் திரையில் உலகப் படத்தைக் காட்டினார். ஒரு கண்டத்தில் யுரேனியம் தோண்டுகிறார்கள். இன்னொரு கண்டத்தில் செறிவூட்டுகிறார்கள். மூன்றாவது நாட்டில் எரிபொருள் கோல்களாக வார்க்கிறார்கள். நான்காவது நாட்டில் கப்பல். ஐந்தாவது நாட்டில் அனுமதிச் சீட்டு. சிவப்பு அம்புகள் பூமியைச் சுற்றிச் சுற்றி வந்தன. “எல்லாம் உலக வர்த்தகம். முழு உலையையும் பூட்டிச் சாவியோடு கொண்டுவந்து தருவோம். அது எங்களுக்கு மிகச் சுலபம்” என்றார்.

முன்வரிசையில் இருந்த ஒருவர் கை தூக்கினார்.

“கடைசி அம்பு படத்துக்கு வெளியாலை போகுது. அது எங்கை போகுது?”

எரிந்து முடிந்த எரிபொருளின் கழிவைக் காட்டும் அம்பு அது. மொழிபெயர்த்தேன். ஹென்ரிக் ரொஷானைப் பார்த்தார். ரொஷான் அடுத்த படத்துக்குப் போனார். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போய்விட்டது. ஹென்ரிக்குக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்கவேண்டுமே! “பார்த்தீர்களா, இதற்குத்தான் நாங்கள் வந்திருக்கிறோம்!” என்று இருட்டுக்குள் கத்தினார். சனம் எழுந்து வெளியே போய்விட்டது.

சாப்பாட்டுக் கடையில் இடியப்பத்தின் மேல் கேட்காமலே சொதியை ஊற்றினார்கள். எங்கள் ஊரில் சொதி என்றால் கல்யாணம் முடிந்த மறுநாள் விருந்து. பருப்பு, காய்கறி, மூன்று தேங்காய்ப்பால் என்று ஆர்ப்பாட்டமாக வரும். அதற்காகவே உறவினர்கள் ஊருக்குப் புறப்படாமல் ஒருநாள் தங்குவார்கள். இங்கே அது தினமும் குழாய்த் தண்ணீர்போல ஓடுகிறது. கூட்டத்தில் பட்ட எரிச்சலெல்லாம் மூன்றாவது தட்டில் தீர்ந்தது.

“எந்த இடம் நீங்கள்?” என்று கடைக்காரர் கேட்டார்.

“திருநெல்வேலி.”

“இஞ்சத்தையத் திருநெல்வேலியோ? பாத்தால் அப்பிடித் தெரியேல்லையே.”

யாழ்ப்பாணத்திலும் ஒரு திருநெல்வேலி இருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது. நான் அந்தத் திருநெல்வேலி இல்லை என்றதும் அவர் முகத்தில் கொஞ்சம் ஏமாற்றம்.

இரண்டாம் நாள் நயினாதீவு. படகு முழுக்க அம்மனுக்கு நேர்த்தி வைத்தவர்கள், பூத்தட்டு, கைக்குழந்தை. அணுவுலை பற்றிக் கேட்க அங்கே யாருக்கும் நேரமில்லை. கோயில் அன்னதானத்தில் ஹென்ரிக் சப்பணமிட்டு உட்கார்ந்தார், எழுந்திருக்க இரண்டு பேரின் உதவி தேவைப்பட்டது. ரொஷான் அன்றைக்கான குறிப்பில் “நல்ல வரவேற்பு” என்று எழுதினார். சோறு போட்டதைச் சொல்கிறார் போலும்.

மூன்றாம் நாள்தான் உண்மையான வேலை. உலைக் கப்பலை நிறுத்த அவர்கள் குறிவைத்திருந்தது நெடுந்தீவுக் கடல்.

குறிகட்டுவான் துறையில் படகு ஏறும்வரை ஹென்ரிக் கம்பீரமாக இருந்தார். கரை மறைந்ததும் முகம் பச்சையானது. பிறகு பக்கப் பலகையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, காலையில் சாப்பிட்ட பாண் ரொட்டியையும் சம்பலையும் கடலுக்கே கொடுத்தார். அரிசி மூட்டைமேல் உட்கார்ந்திருந்த ஒரு பெண் இரங்கி, தேசிக்காய் என்கிற எலுமிச்சை ஒன்றை நறுக்கி மோந்துபார்க்கக் கொடுத்தார். பக்கத்தில் இருந்தவரிடம் அவர் சொன்னது என் காதில் விழுந்தது.

“கப்பல் விக்க வந்தவராம். வள்ளத்திலை இருக்கத் தெரியேல்லை.”

இதை நான் மொழிபெயர்க்கவில்லை. என்ன சொன்னார்கள் என்று ஹென்ரிக் கேட்டார். உங்கள் உடல்நலத்தை விசாரித்தார்கள் என்றேன். அவர் கைகூப்பி நன்றி சொன்னார்.

இறங்குதுறையிலிருந்து எங்களை ஏற்றிப்போக வந்தது லான்ட்மாஸ்ரர். உழவு இயந்திரத்தின் பின்னால் பெட்டி பூட்டிய வண்டி அது. முருகைக்கல் எனும் பவளப்பாறைக் கல் அடுக்கிய வேலிகளுக்கு இடையே அது குதித்த குதிப்பில் ஹென்ரிக்கின் மடிக்கணினி இரண்டு முறை ரொஷானின் மடிக்குப் போய் வந்தது. வழியில் ஒரு மாட்டுக் கூட்டம் ஒதுங்க மறுத்து நின்றது. ஓட்டியவர் அவசரப்படவில்லை. நாங்களும் இறங்கி நின்றோம். கூட்டம் தொடங்கும் நேரத்துக்கு நாங்கள் மாடுகளோடு இருந்தோம்.

கடற்றொழிலாளர் சங்கக் கட்டடத்தில் காத்திருந்தவர்கள் கோபிக்கவில்லை. தலைவர் அமலதாஸ் ஐம்பத்தைந்து வயதுக்காரர், வெள்ளைச் சட்டை, கழுத்தில் செபமாலை. படங்களையும் அம்புகளையும் பொறுமையாகப் பார்த்தார். முடிந்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“உந்தக் கப்பலுக்கு எவ்வளவு கிட்ட நாங்கள் வலை போடலாம்?”

நான் மொழிபெயர்த்தேன். பாதுகாப்புக் காரணங்களுக்காகச் சில கிலோமீட்டர் சுற்றளவில் யாரையும் விடமாட்டார்கள் என்று ஹென்ரிக் மென்மையாகச் சொன்னார். அந்தச் சில என்பது எத்தனை என்று பின்னால் முடிவாகுமாம்.

அமலதாஸ் என்னைத்தான் பார்த்தார். “சண்டைக்காலத்திலை கடலுக்குப் போக ஏலாது. பாஸ் வேணும், நேவி குறிச்ச நேரத்துக்குத்தான் போகலாம். இப்பதான் ஒரு மாதிரிப் போய்வாறம். அதுக்குள்ளை உங்கட தமிழ்நாட்டு இழுவைப் படகு, றோலர், வந்து வலையை அறுக்குது. இனி இந்தக் கப்பலோ?”

“கப்பல் இவர்களுடையது அண்ணை. நான் கூலிக்குப் பேச வந்தவன்.”

“றோலரிலை வாறவையும் அப்பிடித்தான் சொல்லுறவை. படகு முதலாளிக்காம், தாங்கள் கூலிக்கு வந்தவையாம்.”

கூட்டம் சிரித்தது. எனக்குச் சுருக்கென்றது. பிறகு அவரே எழுந்து, “சரி, வாங்கோ. கூழ் ஆறப்போகுது. குடிச்சிட்டுக் கதைப்பம்” என்று எங்களைக் கூட்டிக்கொண்டு போனார்.

கூழ் காய்ச்சியவர் சங்கத்துக்குப் பக்கத்து வீட்டு வளவில் இருக்கும் பிலோமினா அக்கா. மாடு வளர்ப்பவர். அமலதாஸோடு கடலுக்குப் போகிறவர்களில் ஒருவர் அவருடைய கணவர். பூவரச மரத்தடியில் பெரிய பானையில், பனங்கிழங்கைக் காயவைத்து இடித்த ஒடியல் மாக் கூழ் கொதித்துக்கொண்டிருந்தது. நண்டு, இறால், மீன்தலை, பயிற்றங்காய், மரவள்ளி, பலாக்கொட்டை எல்லாம் அதற்குள் இருந்தன. வாசனை வேலிக்கு வெளியிலேயே எங்களைப் பிடித்து உள்ளே இழுத்தது. பனையோலையை மடித்துக் கோலிய பிளாக்கள் வரிசையாக இருந்தன. அதில் ஊற்றித்தான் குடிக்கவேண்டும்.

எனக்கு விசித்திரமாகப் பட்டது, உச்சி வெயிலில், அடுப்படியில், அவர் ஒரு கம்பளிச் சட்டை போட்டுக் கழுத்தைச் சால்வையால் சுற்றியிருந்தது. முகம் வீங்கியிருந்தது. அகப்பையைத் தூக்கிப் பக்கத்து வீட்டு மேரியின் உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு, “உப்புக் காணுமோ?” என்று கேட்டார். காய்ச்சுகிறவர் ஏன் தான் பார்க்கவில்லை என்று நினைத்தேன். பசியில் அதை மறந்தும் போனேன்.

எல்லோர் கையிலும் பிளா வந்தது. ஹென்ரிக் குடிக்கவில்லை. அவருடைய கையேட்டில், விருந்து தருபவரும் சேர்ந்து பருகும்வரை காத்திருப்பதே யாழ்ப்பாண மரியாதை என்று எழுதியிருந்ததாம். எழுதிய புண்ணியவான் யார் என்று தெரியவில்லை. விருந்தாளிகள் எழுந்த பிறகே வீட்டுப் பெண்கள் சாப்பிட உட்காருகிற ஊரில், அவன் தன் சொந்த ஊர் மரியாதையை எழுதிக் காசு வாங்கியிருக்கிறான்.

“இந்த அம்மா குடிக்காமல் நான் குடிக்கமாட்டேன்” என்றார் ஹென்ரிக். மொழிபெயர்த்தேன்.

“எனக்கு வேண்டாம் தம்பி. அவரைக் குடிக்கச் சொல்லுங்கோ” என்றார் பிலோமினா அக்கா.

ஹென்ரிக் இதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டார். தானே ஒரு பிளாவை எடுத்து, நண்டுக்கால் வெளியே நீட்டிக்கொண்டிருக்க நிரப்பி, இரண்டு கையாலும் அவர் முன்னே நீட்டினார். குனிந்து வணங்கவும் செய்தார். மேரிதான் பொறுக்கமாட்டாமல் கத்தினார்.

“அவவுக்கு மீன் ஏலாது எண்டு அந்த மனுசனுக்குச் சொல்லுங்கோவன்!”

பிலோமினா அக்கா சால்வையைக் கொஞ்சம் விலக்கினார். கழுத்தின் குறுக்கே ஒரு தழும்பு இருந்தது.

“கழுத்துச் சுரப்பியிலை கான்சர் தம்பி. வெட்டி எடுத்திட்டினம். மிச்சம் மிகுதி உள்ளை கிடந்தால் அதை எரிக்கிறதுக்கு விழுங்க ஒரு குளிசை தருவினமாம். கதிர்வீச்சுக் குளிசை. அது வெளிநாட்டிலை இருந்து பிளேனிலை வரவேணும். வரப்போகுது எண்டு திகதி சொன்னால் நான் முதலே பத்தியம் துவங்கவேணும். அயடின் கிடக்கிற சாப்பாடு ஒண்டும் ஆகாது, மீன் இல்லை, நண்டு இல்லை, கடை உப்பு இல்லை, பால் இல்லை. வெட்டின சுரப்பிக்குப் பதிலாய்க் காலமை போடுற குளிசையையும் நிப்பாட்டவேணும். அதுதான் இந்தக் குளிரும் வீக்கமும். உடம்பு கல்லுமாதிரிக் கிடக்கு. எல்லாத்தையும் பிடிச்சுக்கொண்டு இருப்பன். பேந்து போன் வரும், சாமான் வரேல்லை எண்டு. பழையபடி மீனைச் சாப்பிட்டு, பேந்து இன்னொரு திகதி. இது மூண்டாந்தரம்.”

கடலுக்கு நடுவில் இருக்கிறவர், மீன் இல்லை. மாட்டுத் தொழுவம் வைத்திருக்கிறவர், பால் இல்லை. எங்களுக்காக ஒரு பானை நண்டும் இறாலும் காய்ச்சிவிட்டு உப்புக்கூடப் பார்க்காமல் நிற்கிறார்.

நான் சொன்னதை ஹென்ரிக் தலையாட்டாமல், குறுக்கிடாமல் கேட்டார். பிளாவை மெல்லக் கீழே வைத்தார். மன்னிப்புக் கேட்டார். அவர் கெட்டவர் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

பிலோமினா அக்கா என் பக்கம் திரும்பினார். அதுவரை இருந்த ‘நீங்கள்’ போய் ‘நீர்’ வந்துவிட்டது. எங்கள் பக்கம் அப்படிக் கூப்பிட்டால் நாடக மேடை ஏறிய மாதிரி இருக்கும். இங்கே அது கிட்ட வந்து உட்காருவது.

“இவை அணுச்சாமான் விக்கிற ஆக்கள் எண்டு சொன்னீர். அப்ப என்ர குளிசையும் இவையிட்டை இருக்கும்தானே? ஒருக்கால் கேளும் தம்பி. திகதி பிழைக்காமல் ஒண்டே ஒண்டு கொண்டுவந்து தரச் சொல்லும்.”

கேட்டேன்.

ஹென்ரிக் நெற்றியைத் துடைத்துக்கொண்டு விளக்கினார். அது மருத்துவப் பிரிவு, தாங்கள் மின்சாரப் பிரிவு. அந்தப் பொருளை உலகத்தில் சில உலைகளில்தான் செய்கிறார்கள். செய்த நாளிலிருந்தே ஐஸ் கட்டிபோலக் கரைந்துகொண்டிருக்கும், வைத்திருந்து விற்க முடியாது. இரண்டு நாட்டு உரிமம் வேண்டும். ஈயப் பெட்டி வேண்டும். விமானி ஏற்ற மறுத்தால் அத்தோடு சரி. சுங்கத்தில் தாமதமானால் வீண். டாலரில் முன்பணம். “கதிர்வீச்சுப் பொருளை நாடு விட்டு நாடு கொண்டுவருவது அவ்வளவு சுலபமில்லை, அம்மா” என்று வருத்தத்தோடு முடித்தார்.

ஊர்காவற்றுறையில் முழு உலையையும் சாவியோடு கொண்டுவருவது மிகச் சுலபம் என்றவர் இதே ஆள்தான். அதையும் நான்தான் மொழிபெயர்த்தேன். இதையும் ஒரு சொல் குறைக்காமல் மொழிபெயர்த்தேன்.

அமலதாஸ் பிளாவைக் கவிழ்த்து வைத்தார்.

“தம்பி, இப்பிடிச் சொல்லும். சங்கத்தின்ர முடிவு இதுதான். முதலிலை பிலோமினான்ர குளிசை வரட்டும். அதைச் சுகமாய்க் கொண்டுவந்து சேர்க்கிற ஆக்களெண்டால், பேந்து கப்பலைப் பற்றிக் கதைக்கலாம்.”

இதற்குமேல் தெளிவான மக்கள் கருத்தை எந்த வங்கியும் கேட்டிருக்காது. ஆனால் ரொஷான் அதற்குள் காமெராவை எடுத்துவிட்டார். ஹென்ரிக் எடுத்து நீட்டிய அதே பிளாவை அக்காவின் கையில் கொடுத்து, ஹென்ரிக்கைப் பக்கத்தில் நிறுத்தி, சிரிக்கச் சொன்னார். வந்த விருந்தாளிகளின் மனம் கோணக்கூடாதே என்று அக்கா சிரித்தார். படம் எடுத்து முடிந்ததும் பிளாவை மேரியிடம் கொடுத்துவிட்டார். புறப்படும்போது தன் தொலைபேசி எண்ணைத் தந்து, என்னுடையதையும் வாங்கி, “குளிசையைப் பற்றி ஏதும் கேள்விப்பட்டால் சொல்லும்” என்றார். சொல்கிறேன் என்றேன். யாரிடம் கேள்விப்படப் போகிறேன் என்று எனக்கே தெரியாது.

திரும்பும் படகில் கடல் அமைதியாக இருந்ததால் ஹென்ரிக்குக்கு அறிக்கை எழுத வாய்த்தது. வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினார். “நெடுந்தீவு மக்கள் அணுத் தொழில்நுட்பத்தின் நன்மைகளை ஏற்கெனவே அறிந்தவர்கள். அதைத் தங்கள் தீவுக்குக் கொண்டுவருமாறு நேரிலேயே கேட்டுக்கொண்டார்கள்.”

“அவர் கேட்டது மருந்து” என்றேன்.

“ஆமாம். அதுவும் அணுதானே?” என்றார், உண்மையிலேயே புரியாமல்.

நீந்திக் கரை சேரும் தூரமாக இருந்திருந்தால் அப்போதே குதித்திருப்பேன்.

சென்னைக்கு வந்து சில வாரங்களில், அந்தக் கம்பெனியின் விளம்பரப் புத்தகம் தமிழாக்கத்துக்கு வந்தது. மூன்று மொழியில் அச்சாகப் போகிறதாம். நடுப்பக்கம் முழுக்கப் பிலோமினா அக்கா. கையில் பிளா, பக்கத்தில் குனிந்து சிரிக்கும் ஹென்ரிக். கீழே ஆங்கிலத்தில், “தூய அணுசக்தியை விருந்தோடு வரவேற்கிறது நெடுந்தீவு.”

அக்காவைக் கூப்பிட்டேன். மூன்றாந்தரமும் குளிசை வரவில்லை. நாலாவது திகதி கொடுத்திருக்கிறார்கள். மறுபடி பத்தியம் தொடங்கிவிட்டார். குரல் கட்டையாகியிருந்தது. படத்தையும் அதன் கீழே எழுதியிருப்பதையும் சொன்னேன். வேண்டாம் என்றால் படத்தை எடுத்துவிடச் சொல்லிச் சண்டை பிடிக்கிறேன் என்றேன்.



“படம் கிடக்கட்டும் தம்பி. தமிழிலை எழுதப் போறது நீர்தானே?”

“ஓம் அக்கா.”

“அப்ப நடந்ததை எழுதிவிடும்.”

எழுதினேன். ‘கூழ் காய்ச்சியவர் பிலோமினா. அவர் இதைக் குடிக்கவில்லை. அவருடைய புற்றுநோய்க்கு வேண்டிய கதிர்வீச்சுக் குளிசை வெளிநாட்டிலிருந்து இன்னும் வந்து சேரவில்லை. இந்தக் கம்பெனியிடமும் கேட்டுப் பார்த்தார். அது சுலபமில்லை என்று சொன்னார்கள்.’ அனுப்பிவைத்தேன். கம்பெனியில் தமிழ் படிக்கத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. ஆங்கிலத்தைவிடத் தமிழ் நீளமாக இருக்கிறதே என்று ரொஷான் மட்டும் கேட்டார். தமிழ் அப்படித்தான் என்றேன். எழுத்தைச் சிறிதாக்கி அச்சடித்துவிட்டார்கள்.

போன வாரம் அக்காவே கூப்பிட்டார்.

“புத்தகம் வந்திட்டுது தம்பி. சங்கத்திலை ஒரு பெரிய பெட்டி இறக்கியிருக்கினம். நல்ல மினுங்கல் கடுதாசி. வெளிநாட்டிலை அடிச்சு, பிளேனிலை வந்ததாம். ஊரிலை எல்லாரும் வாசிச்சிட்டினம்.”

“குளிசை, அக்கா?”

“அது இன்னும் வரேல்லை.”